பெட்டி கடைசியில்தான்

பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்? இந்த ஒரு கேள்வியோடுதான் சாலிகிராமத்தில் மாடியறை ஒன்றில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த சாரிடம் போனேன். நான் மிருதங்கம் வாசிப்பவன். கச்சேரி இல்லாத மாதங்களில் வீட்டிலேயே வாசித்துப் பதிவுசெய்து வெளியூர்ப் பாடகர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசை. கைபேசியில் பதிந்தால் வலப்பக்க முகமான வலந்தலையின் நாதம் ஓரளவு வரும். இடப்பக்க முகமான தொப்பியில் உள்ளங்கையை இழுத்து எழுப்பும் கும்கி மட்டும் காணாமல் போய்விடும். நல்ல மைக் வேண்டும், அந்த மைக் தரும் மின்னலையைக் கணினிக்குரிய எண்களாக மாற்றித் தர ஒரு பெட்டி வேண்டும் என்பது வரை எனக்குத் தெரிந்திருந்தது.

கையில் ஒரு பட்டியலும் கொண்டுபோயிருந்தேன். ஃபோகஸ்ரைட், பெஹ்ரிங்கர், மோட்டு, ஆடியன்ட், பிரிசோனஸ் என்று கட்டம் போட்டு, எதற்கு எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை பிட் என்று நிரப்பியிருந்தேன். 192 கிலோஹெர்ட்ஸ் இருந்த இடங்களில் சிவப்பு மையால் கோடு. சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“பெட்டி கடைசியில தம்பி. மொதல்ல உன் ரூம் என்ன சத்தம் போடுதுன்னு கேட்டுட்டு வா.”

வடபழனி ரெக்கார்டிங் தியேட்டர்களில் டேப் காலத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். இரண்டு அங்குல அகல டேப்பில் 24 டிராக் ஓடிய நாட்களில், மைக் வைப்பதும் கேபிள் சுருட்டுவதும்தான் பல ஆண்டுகள் அவருடைய வேலை. இப்போது பக்திப் பாடல்கள், ஒலிநூல்கள், நாட்டிய நிகழ்ச்சிகளுக்கான இசை என்று வருவதைப் பதிவுசெய்கிறார். வேலைக்கு உதவியாக வந்தால் கற்றுத்தருவதாகச் சொன்னார். வீட்டில் பழக, தன்னிடம் சும்மா கிடந்த பழைய இன்டர்ஃபேஸ் ஒன்றையும் ஷூர் எஸ்எம்58 மைக் ஒன்றையும் கொடுத்தார்.

முதல் பாடம், ஒன்றையுமே பதிவு செய்யாமல் இருப்பது. மிருதங்கத்தை உறையைவிட்டு எடுக்கக்கூடாது. மைக்கை நட்டு, காலி அறையை ஒரு நிமிடம் பதிந்து கொண்டுவரச் சொன்னார். ஒலிநூல்களை ஏற்கும் ஏசிஎக்ஸ் தளம், பேச்சில்லாத இடங்களில் இரைச்சல் −60 டெசிபலுக்கு மேலே போகக்கூடாது என்கிறது; எனக்கும் அதுவே தேர்ச்சி மதிப்பெண் என்றார். ஒரு பக்கம் கதை வாசித்து, சராசரி அளவு அந்தத் தளம் கேட்கிற −23க்கும் −18க்கும் இடையில் நிற்கும்படி கெயினை வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரிய விஷயமா என்று நினைத்துத்தான் வீட்டுக்குப் போனேன்.

மின்விசிறி ஓடும்போது −46. நிறுத்தினால் கொஞ்சம் இறங்கியது. ஆனால் விசிறி மறைத்துவைத்திருந்தவை எல்லாம் வெளியே வந்தன. அடுத்த அறையில் குளிர்பதனப் பெட்டி, கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார், மூலையில் இன்வெர்ட்டர். ஜன்னலைச் சாத்தினால் என் மூச்சே எனக்குக் கேட்டது. சாரின் பழைய பெட்டிதான் இரைகிறது என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கிவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று அவரிடமே போய்ச் சொன்னேன்.

சார் கோபப்படவில்லை. காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டார். இந்த விலைப் பெட்டிகளில் நல்லவற்றின் உள்ளீட்டு இரைச்சல் −128 டிபியூ அளவுக்குத்தான் இருக்கும். எஸ்எம்58 மைக்கோடு சேர்த்துப் பார்த்தால், அறையில் சுமார் 18 டெசிபல் சத்தம் இருப்பதற்கு அது சமம். ஆடியோ-டெக்னிகா ஏடி2020 மாதிரியான கண்டென்சர் மைக்காக இருந்தால் அது ஒரு டெசிபல்தான். அந்த மைக்கின் சொந்த இரைச்சலே 20 டெசிபல். “உன் ரூம் ராத்திரி பன்னெண்டு மணிக்குக்கூட முப்பதுக்குக் கீழ போகாது. இதுல பெட்டி இரையுதுன்னு யாருக்குக் கேக்கப்போகுது?” என்றார். பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் இருக்கும் வித்தியாசம் என் மின்விசிறிக்கு அடியில் புதைந்து கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. என் பட்டியலில் பாதிக் கட்டங்கள் அந்தக் காகிதத்திலேயே அடிபட்டுப் போயின.

இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிறுத்தினேன். குளிர்பதனப் பெட்டியைப் பதிவு நேரத்தில் அணைத்தேன். அதை மறுபடி போட மறந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து வாசிக்கப் பழகினேன். எஸ்எம்58ஐக் கிட்டத்தில் வைத்தால் குரல் ஓங்கி, அறை பின்னால் போகிறது. −60ஐத் தொட்ட நாளில் சார் “ம்” என்றார்.

அடுத்தது கெயின். மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கில் மிகச் சிறிய மின்சாரம். அதைக் கணினிக்கு உகந்த அளவுக்கு உயர்த்தும் குமிழ்தான் கெயின். விரலில் பிடித்துத் திருகும்போது முதல் பாதி தூரத்துக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். முக்கால் தாண்டியதும் திடீரென்று ஏறும்; கடைசி ஒரு மயிரிழையில் இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். தொப்பியில் ரவை அப்புவதுதான் எனக்கு நினைவு வந்தது: ஒரு சிட்டிகை குறைந்தால் ‘தொம்’ நிற்காது, ஒரு சிட்டிகை கூடினால் மந்தமாகிவிடும். அந்த அளவைக் கண்ணால் பார்த்துப் படிக்க முடியாது.

இந்தக் குமிழோடு நான் பட்ட பாடு பெரிது. கரோக்கி மைக்கோடு வந்த கேபிள் ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரு முனையில் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் கிடார் கேபிளில் இருக்கும் கால் அங்குல மோனோ பின். இன்டர்ஃபேஸின் முகப்பில் இருப்பது இரண்டும் நுழையும் துளை. நடுவில் பின் அழகாகப் போய் உட்கார்ந்தது. சத்தம் மட்டும் கிணற்றடியில். கெயினை முழுக்கத் திருகினேன். குரலோடு ஒரு பெரிய சீறலும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரமும் வந்தன. கண்டென்சர் மைக்கைக் கடன் வாங்கி அதே கேபிளில் மாட்டினேன். அது மூச்சே விடவில்லை. 48 வோல்ட் பொத்தானை அழுத்தி விளக்கு எரிவதைப் பார்த்தும் பயனில்லை. மைக் செத்துவிட்டது, கடன் கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை.

சார் அந்தக் கேபிளைப் பார்த்தவுடன் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். நடுத்துளை கீபோர்டுக்கும் கிடாருக்கும்; மைக்குக்கான பெருக்கி அந்த வழியில் வேலை செய்யாது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட், யுஎஸ்பியில் வரும் 5 வோல்ட்டை உள்ளே உயர்த்திக் கொடுப்பது. அதுவும் எக்ஸ்எல்ஆர் ஊசிகள் வழியாகத்தான் மைக்குக்குப் போகும். தன்னிடமிருந்த சரியான கேபிளை என் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு செருகச் சொன்னார். பள்ளத்தைத் தேடித் திருப்பி அழுத்தினால் ‘க்ளிக்’ என்று ஒரு பிடிப்பு கிடைக்கிறது. அது கிடைக்காமல் எந்தப் பொத்தானையும் தொடாதே என்றார். மூன்று கம்பிகளில் ஒன்று காப்பு. மற்ற இரண்டிலும் ஒரே ஒலி, ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. வழியில் தொற்றும் ரீங்காரம் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். பெட்டி ஒன்றைக் கவிழ்த்து இரண்டையும் சேர்க்கும்போது ஒலி இரட்டிப்பாகிறது, ரீங்காரம் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது.

ஆனாலும் என் வீட்டில் ரீங்காரம் முழுதாகப் போகவில்லை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது. செருகினால் திரும்ப வந்தது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிப்பது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் தொப்பியின் நாதம் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். “மூணு ஓட்டை இருக்கு. எர்த் இருக்கா?” என்று கேட்டார் சார். எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியைத் திறந்தால், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. பழைய வாடகை வீடு. எர்த் போடும்வரை பேட்டரியில் ஓட்டிப் பதிவுசெய்தேன். நல்லவேளை, இதற்காகவும் ஒரு புதுப் பெட்டியை விலை கேட்டு வைத்திருந்தது சாருக்குத் தெரியாது.

பிறகுதான் மிருதங்கத்துக்கே வந்தோம். கெயினை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், மீட்டர் உச்சியை முட்டும்வரை ஏற்றினேன். அளவு பெரிதாக இருந்தால்தான் பதிவு நன்றாக இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு ‘சாப்பு’விலும் ஒரு கீறல். அலையின் தலை வெட்டுப்பட்டு மொட்டையாகக் கிடந்தது. டேப்பில் சற்று ஏற்றிப் பதிந்தால் ஒலி இனிமையாக மசிந்து கொடுக்கும். எண்ணில் பதியும்போது பூஜ்யம் டெசிபல்தான் கூரை, அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. 24 பிட்டில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது, எதற்கு முட்டுகிறாய் என்று கேட்டார். உச்சங்கள் −12க்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

−12க்கு வைத்துக்கொண்டு வந்தேன். அதுவும் வெட்டுப்பட்டது. அளவு பார்ப்பதற்காக வாசிக்கும்போது அடக்கமாக வாசிக்கிறேன்; பதிவு தொடங்கி மோகரா, கோர்வை என்று போனால் கை தன்னால் ஓங்குகிறது. சார் சிரித்தார். எல்லா வித்வான்களும் செய்வதாம். அதற்குப் பிறகு தனியாவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையை முழு வேகத்தில் வாசித்துத்தான் கெயின் வைக்கச் சொல்கிறார். நான் வாசிக்க, அவர் மீட்டரைப் பார்க்காமல் என் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பார். “இன்னும் முழுசா அடிக்கல நீ” என்பார். சரியாகத்தான் சொல்வார்.

என்னை மிகவும் சோர்வடைய வைத்தது தாமதம்தான். ஒரு பாடகர் அனுப்பிய பாட்டைக் காதில் போட்டுக்கொண்டு அதன் மேல் வாசிக்க வேண்டும். வாசிக்கும் சொல் ஹெட்போனில் பின்தங்கி வந்தது. அதைப் பிடிக்க முயன்று நான் முந்த, பாட்டு பின்னால் போக, சமத்தில் இருவரும் சந்திக்கவே இல்லை. என் லயத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிறு வயதிலிருந்து கட்டிவைத்ததை ஒரு மடிக்கணினி கலைத்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தது.

கணக்கை சார் என்னையே போட வைத்தார். கணினி ஒலியைச் சிறு கட்டுகளாக வாங்குகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது பஃபர் 1024 என்றால், ஒரு கட்டு நிரம்ப 21 மில்லிசெகண்ட். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, ஆக சுமார் 43. நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை ஓடும் ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு எட்டுச் சொல் வாசித்தால் ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 94 மில்லிசெகண்ட். ஏறக்குறைய அரைச் சொல் தள்ளி என்னை நானே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! லயம் கெடாமல் என்ன செய்யும்?

பஃபரை 128க்கு இறக்கினால் என் பழைய மடிக்கணினி படபடவென்று பொரிந்தது. விண்டோஸின் பொது டிரைவரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய ஆசியோ முறையில் பெட்டித் தயாரிப்பாளர் தரும் டிரைவரைப் போட்டதும் 256 வரை அமைதியாக ஓடியது. அதைவிடப் பெரிய விடுதலை டைரக்ட் மானிட்டர் என்ற சின்னப் பொத்தானில் இருந்தது. மைக்கின் ஒலியைக் கணினிக்குள் போய்வர விடாமல் பெட்டிக்குள்ளேயே திருப்பி ஹெட்போனுக்குக் கொடுத்துவிடும். மென்பொருளில் வரும் இரட்டை ஒலியை அணைத்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தி வாசித்தேன். முதல் சுற்றிலேயே சமம் விழுந்தது. எதுவும் பேசத் தோன்றாமல் ஹெட்போனைக் கழற்றி சாரிடம் நீட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “இப்ப கடைக்குப் போலாம்” என்றார்.

கடைக்குப் போகும்போது பட்டியல் சுருங்கியிருந்தது. 192 கிலோஹெர்ட்ஸுக்கு மதிப்பே இல்லை; 48 கிலோஹெர்ட்ஸில் 24,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கலாம், மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. மிருதங்கத்துக்கு இரண்டு முகம். கரணை வைத்த வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக். ஆகவே மைக் பெருக்கி இரண்டு வேண்டும். இந்த ஒரு நிபந்தனையிலேயே பலவும் கழிந்தன. ஃபோகஸ்ரைட்டின் ஸ்கார்லெட் சோலோவில் இரண்டு உள்ளீடு என்று போட்டிருந்தாலும் மைக்குக்கானது ஒன்றுதான், மற்றது கிடாருக்கு. பெஹ்ரிங்கர் யுஎம்சி22ம், ஆடியன்ட் ஐடி4ம் அப்படியே. தனியாகப் பாடுபவர்க்கோ கதை வாசிப்பவர்க்கோ இவை தாராளம், எனக்குப் பொருந்தவில்லை. யுஎம்சி202எச்டி, ஸ்கார்லெட் 2ஐ2, பிரிசோனஸ் ஆடியோபாக்ஸ் 96, மோட்டு எம்2 ஆகியவை மிஞ்சின. எம்2வின் முகப்பில் இருக்கும் சின்னத் திரையில் மீட்டர் ஓடுவதைப் பார்த்து ஆசைப்பட்டேன். விலை ஆசையை அடக்கியது.

கெயின் எவ்வளவு வேண்டும் என்பதையும் வாத்தியம்தான் சொல்லியது. வீடியோக்களில் எல்லோர் முன்னாலும் தொங்கும் ஷூர் எஸ்எம்7பி மைக்கின் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. அதற்கு 60 டெசிபலாவது கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. நான்காம் தலைமுறை 2ஐ2வில் 69 டெசிபல் இருக்கிறது. 2019இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 56தான். மெல்லப் பேசும் குரலுக்கு அந்த 56 எஸ்எம்7பியோடு தள்ளாடும். மிருதங்கமோ பக்கத்தில் மைக் வைத்தால் நூறு டெசிபலைத் தாண்டி அடிக்கும். அதில் பாதிக் கெயினே மிச்சம். குரல் பதிய வேண்டுமானால் ஏடி2020 இருக்கிறது, எஸ்எம்58ஐவிட ஏழு மடங்குக்கு மேல் மின்னழுத்தம் தருவது. நான்காம் தலைமுறையில் பெட்டியே கெயின் வைத்துக்கொடுக்கும் வசதியும் உண்டு. “அது நீ அடக்கி வாசிக்கிறதை நம்பிடும் தம்பி” என்றார் சார்.

ஆகவே மூன்றாம் தலைமுறை 2ஐ2 ஒன்றை, ஊரைவிட்டுப் போகும் கிடார் கலைஞர் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். வாங்குமுன் சோதித்ததெல்லாம் சார் கற்றுத்தந்தவை. குமிழ்களை மெதுவாகத் திருகிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேட்டேன். யுஎஸ்பி கேபிளைச் செருகி மெல்ல அசைத்தேன், இணைப்பு விடுபடுகிறதா என்று. கண்டென்சர் மைக்கை மாட்டி 48 வோல்ட் இரண்டு வழியிலும் போகிறதா என்று பார்த்தேன். ஒன்றையும் மாட்டாமல் கெயினை முழுக்க வைத்து, சீறல் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கேட்டேன். விற்றவர் என்னை ஒரு இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டு “சார்” என்றார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, வேண்டியும் இருந்தது.

முதல் பதிவில் தொப்பி வரவில்லை. தனியாகக் கேட்டால் இரண்டு மைக்கும் நன்றாக இருக்கின்றன; சேர்த்தால் அடிநாதம் வற்றிவிடுகிறது. பெட்டியின் மேல் பழி போடும் வியாதி எனக்கு அதற்குள் தீர்ந்திருந்தது. கேபிளை மாற்றினேன், மைக்கை நகர்த்தினேன், பிறகு உட்கார்ந்து யோசித்தேன். தொப்பியை அடிக்கும்போது அதன் தோல் மைக்கை விட்டு உள்ளே போகிறது. கட்டைக்குள் இருக்கும் காற்று வலந்தலைத் தோலை வெளியே, அதன் மைக்கை நோக்கித் தள்ளுகிறது. ஒன்று பின்வாங்கும்போது மற்றது முன்னேறுகிறது. எக்ஸ்எல்ஆர் கேபிளில் ரீங்காரம் அழிந்த அதே கணக்கில் இங்கே என் கும்கி அழிந்துகொண்டிருக்கிறது. ரீப்பர் மென்பொருளில் தொப்பி வழியின் அலையைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்தினேன். ‘தொம்’ அறையை நிறைத்தது.

பதிவை எடுத்துக்கொண்டு சாலிகிராமம் போனேன். சார் முழுவதையும் கேட்டார். அலையைத் திருப்பியதைத் தானாகவே கண்டுபிடித்து, யார் சொன்னது என்று கேட்டார். நானேதான் என்றேன். தொப்பி மைக் இன்னும் நாலு விரல் தள்ளி இருக்கலாம் என்றார். பிறகு டைரியைப் புரட்டி, “வியாழக்கிழமை ஒரு மோர்சிங் வருது. நான் கேட்டுட்டு உக்காந்திருக்கேன், மைக் நீ வை. சின்ன சத்தம், உன் அம்பத்தாறு போதுதான்னு அன்னிக்குப் பாத்துடலாம். உன் பெட்டியையே எடுத்துட்டு வா” என்றார்.